கன்று தின்ற அறிவிப்பு

அறிவிப்பு ஒட்டிய மறுநாள் காலையில் பண்ணை வாசலில் வரிசை நின்றது.

மீட்டர் சைக்கிளை விட்டு இறங்காமல் ஒரு காலை ஊன்றி நின்றபடியே பார்த்தார். நாற்பது பேருக்குக் குறையாது. கையில் சொம்பு, தூக்குவாளி, பிளாஸ்டிக் குடம். ஒருவர் பெயிண்ட் வாளியைக் கழுவி எடுத்துக்கொண்டு வந்திருந்தார். நேற்று வரை இந்த வாசலுக்குப் பால் வாங்க வந்தவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர்தான். அந்தப் பன்னிரண்டு பேரை உஷார்ப்படுத்தத்தான் நேற்றுச் சாயங்காலம் அவர் அறிவிப்பை ஒட்டினார்.

"என்ன வரிசை இது?" வரிசையின் வாலில் நின்ற தையல்காரரிடம் கேட்டார்.

"தெரியாத மாதிரி கேக்கறீங்களே சார்! நீங்க ஒட்டினதுதானே? சீலெல்லாம் வெச்சிருக்கு."

மீட்டர் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கேட்டுக்குப் போனார். மாவுப் பசை தடவி ஒட்டிய தாள். பசையின் ருசி கண்ட ஏதோ ஒரு கன்று, கீழ்ப்பாதியை நக்கி, கிழித்து, தின்று முடித்திருந்தது. மேல்பாதி பத்திரமாக இருந்தது.

'அறிவிப்பு. இப்பண்ணையின் பச்சைப் பாலில் எதிர்ப்புத் திறன் மிகுந்த'

அதற்குக் கீழே பல்லடையாளம். 'நுண்ணுயிரிகள் கண்டறியப்பட்டுள்ளன. பொதுமக்கள் காய்ச்சாமல் அருந்த வேண்டாம்' என்ற மீதி முழுவதும் கன்றின் வயிற்றில் இருந்தது. பக்கத்தில் அடித்த வட்டச் சீலை மட்டும் கன்று தொடவில்லை. அதற்கும் கசந்திருக்கும்.

அவர் பால் நிலையத்தில் பரிசோதகர். இருபத்தாறு வருஷமாகப் பாலில் லாக்டோமீட்டரை மிதக்கவிட்டு எண் சொல்வதே பிழைப்பு என்பதால் எல்லோருக்கும் அவர் மீட்டர். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே ஒரு நிமிஷம் யாரையோ தேடுவார்.

போன வாரம் நகரத்துப் பெரிய ஆய்வகத்திலிருந்து இந்தப் பண்ணைப் பாலின் அறிக்கை வந்தது. பாலில் இருந்த கிருமி ஐந்து மருந்துக்கு அடங்கவில்லை. இந்தக் கிருமி உடம்புக்குள் போய்க் காய்ச்சல் வந்தால், டாக்டர் எழுதும் மாத்திரையை அது மிட்டாய் மாதிரி தின்றுவிட்டு உட்கார்ந்திருக்கும். நிலையத்துக்கு வரும் பாலில் பயமில்லை, கொதிகலனுக்குள் போய்த்தான் வெளியே வரும். வாசலில் வாங்கிக் கறந்த சூட்டோடு குடிப்பவர்கள்தான் ஆபத்தில் இருந்தார்கள்.

மேலதிகாரி போனில் ஒரே வார்த்தைதான் சொன்னார். "சீல்."

"சார், ஒம்பது கறவைக்காரங்க இருக்காங்க சார் அங்க. குடும்பத்தோட அந்தக் கொட்டகையிலேயே இருக்காங்க."

"அதுக்கு?"

மீட்டரின் அம்மா கறவைக்காரி. கடைசிக் காலத்தில் ஒரு டம்ளரைச் சுற்றிக்கூட அவள் விரல் மடங்கவில்லை. பண்ணையை மூடினால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும். முதலாளி மாட்டை விற்றுவிட்டு வேறு ஏதாவது தொடங்குவார். கறவைக்காரர்கள் மூட்டையைக் கட்டுவார்கள்.

"அறிவிப்பு ஒட்டிடறேன் சார். ஜனங்க காய்ச்சிக் குடிச்சா கிருமி செத்துடும். அதுக்குள்ள பண்ணையைச் சுத்தப்படுத்திடலாம். ஒரு பதினஞ்சு நாள் குடுங்க."

"பத்து. நடுவுல ஒரே ஒரு ஆள் பச்சைப் பால் குடிச்சான்னு என் காதுக்கு வந்தாலும் சீல்தான். சீல்ல கையெழுத்து நான் போட மாட்டேன், நீதான் போடணும்."

அப்படி வாங்கிய பத்து நாளில் முதல் நாள் இது. வாசலில் நாற்பது பேர்.

மீட்டர் கேட்டின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு வரிசையைப் பார்த்துக் கத்தினார்.

"எல்லாரும் கேளுங்க! அந்தத் திறன் பாலுக்கு இல்ல! பால்ல இருக்கற கிருமிக்கு! எதிர்ப்புச் சக்தி கிருமிக்குத்தான்!"

வரிசை கேட்டது. யோசித்தது. பெயிண்ட் வாளிக்காரர்தான் முதலில் பேசினார்.

"ஒரு கிருமிக்கே இந்தப் பால் அவ்வளவு சக்தி குடுக்குதுன்னா, மனுஷனுக்கு எவ்வளவு குடுக்கும்?"

"அதானே!" என்றார் தையல்காரர்.

"அட, நான் சொல்றதைக் கேளுங்கய்யா..."

"நீங்க தள்ளி நில்லுங்க சார், இடையில பூந்துட்டீங்கன்னு பின்னாடி சத்தம் போடறாங்க."

பண்ணைக்காரர் உள்ளேயிருந்து ஓடி வந்தார். அறிக்கை வந்த அன்று அழாத குறையாக நின்றவர், இப்போது மீட்டரின் கையைப் பிடித்து ஆட்டினார்.

"சார், உங்களை என்னமோன்னு நெனைச்சேன். இப்படி ஒரு உபகாரம் பண்ணுவீங்கன்னு தெரியாமப் போச்சே!"

"நான் ஒண்ணும் பண்ணலை. உங்க கன்னுக்குட்டி பண்ணுச்சு."

"எந்தக் குட்டி? சொல்லுங்க, அதுக்கு இன்னைக்கு ரெண்டு வேளைப் பால் விட்டுடறேன்."

கொட்டகையிலிருந்து மூத்த கறவைக்காரம்மா கையைத் துடைத்துக்கொண்டே எட்டிப் பார்த்தாள்.

"தம்பி, நீ என்ன எழுதி ஒட்டினேன்னு தெரியலை. ரெண்டு வேளை கறந்தது இனிமே மூணு வேளைங்கறார் முதலாளி. எங்க கை என்ன இரும்பா?"

மீட்டர் சைக்கிளை எடுத்தார்.

நிலையத்தில் பாட்டிலக்கா தொட்டியில் மாதிரிப் பாட்டில்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். நிலையத்தில் இருப்பவர்கள் இரண்டே பேர்: பாலைச் சோதிக்கும் மீட்டர், பாட்டில் கழுவும் பாட்டிலக்கா. கண்ணாடியும் கண்ணாடியும் மோதும் சத்தம் மீட்டரின் பல்லில் கூசியது.

"மெல்லக்கா! ஒண்ணு உடைஞ்சா மூணு படிவம் எழுதணும் நான். போன வருஷம் நீங்க உடைச்சதுக்கே இன்னும் விளக்கம் கேட்டுட்டிருக்கான்."

"உடைக்கலை சார், உடைக்கலை. கத்தாதீங்க. டீ போடவா?"

"போடுங்க."

அவர் வீட்டிலிருந்து தினமும் கொண்டுவரும் பாலைப் பாத்திரத்தில் ஊற்றி அடுப்பில் வைத்தாள். வழக்கம்போல ஆடையைப் பார்த்து மெச்சினாள்.

"நானும் இத்தனை பண்ணைப் பாலைப் பார்க்கறேன். உங்க வீட்டுப் பால் மாதிரி வராது சார். ஏன் சார், அந்தப் பண்ணைப் பால்ல சக்தி இருக்காமே? எங்க தெருவே அங்கதான் நிக்குது."

"உங்க தெருவைப் போய்க் கூட்டிட்டு வாங்கக்கா. அது சக்தி இல்ல, சனியன்."

"சீல் வெச்சிருக்கே சார்."

மீட்டர் இரண்டு கையாலும் முகத்தைத் தேய்த்தார். தாளில் எழுதினால் கன்று தின்னும். தகரத்தைத் தின்னாது. போர்டு எழுதுபவருக்குப் போன் போட்டார். வெளியே பால் லாரி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது, நான்கு கேன்கள் இறங்கக் காத்திருந்தன.

"அண்ணே, தகரத்துல ஒரு போர்டு வேணும். பண்ணைப் பாலைப் பத்தி. புரியற மாதிரி எழுதணும், ஆபீஸ் தமிழ் வேண்டாம்."

"சொல்லுங்க சார், என்ன எழுத?"

"பச்சையாக் குடிக்காதீங்க, இதுல இருக்கற கிருமி பொல்லாதது... என்னத்தைச் சொல்ல, இதுக்கு முன்னாடி எந்த மருந்தும் நிக்காதுண்ணே. அதை எழுதுங்க, போதும்."

"கடைசியாச் சொன்னதைத்தானே?"

ஹாரன் மறுபடி அடித்தது. "ஆமா, ஆமா," என்று சொல்லிவிட்டு மீட்டர் லாரிக்கு ஓடினார்.

அன்று சாயங்காலம் வெயில் இறங்குவதற்குள் வீட்டுக்குப் போய்விட்டார். பின்கட்டில் மனைவி மாட்டுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தாள். வலது கை ஆள்காட்டி விரலில் துணி சுற்றியிருந்தது.

"என்னங்க, இந்த நகச்சுத்து இன்னும் வத்தலைங்க. டாக்டர் வேற மாத்திரை எழுதியிருக்கார்."

"ம்."

"இது மூணாவது மாத்திரை."

"ஈரத்துல கையை வைக்காதே."

"அப்ப மாட்டை யாரு கறக்கறது? உங்க அறிவிப்பா?"

மீட்டர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அவளுக்கும் விஷயம் போய்ச் சேர்ந்திருந்தது.

"மடி மறுபடியும் கல்லு மாதிரி இருக்கு. எதைப் போட?" என்றாள்.

ஜன்னல் மேடையில் ஊசி மருந்துக் குப்பிகள் வரிசையாக நின்றன. சிவப்பு மூடி, நீல மூடி, பச்சை, மஞ்சள், மூடியே இல்லாத ஒன்று. பண்ணைகளில் டாக்டர் சீட்டில்லாமல் வைத்திருக்கும் மருந்தைக் கைப்பற்றுவது அவர் வேலைகளில் ஒன்று. கைப்பற்றியதை வைக்க நிலையத்தில் பூட்டுள்ள அலமாரி கிடையாது. கேட்டு எழுதி ஏழு வருஷம் ஆகிறது. தூக்கிப் போடவும் மனசு வராது. கஷ்டத்தில் வளர்ந்தவருக்கு மருந்தைக் குப்பையில் கொட்டுவது சோற்றைக் கொட்டுவது மாதிரி.

"போன தடவை எது போட்டே?"

"நீலம்."

"அப்ப இப்ப சிவப்பு போடு. ரெண்டு நாள் போதும். வீக்கம் வத்தினதும் நிறுத்திடு, மிச்சம் அடுத்த தடவைக்கு ஆகும்."

சொல்லிவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தவர், மனைவி ஏதோ கேட்டதற்குப் பதில் சொல்வதற்குள் தூங்கிப்போனார்.

மூன்றாம் நாள் போர்டு வந்தது. பண்ணைக்காரர் கேட்டின் உச்சியில், தெருமுனையிலிருந்தே தெரிகிற மாதிரி மாட்டியிருந்தார். மஞ்சள் பின்னணியில் ஓராள் உயரத்துக்குச் சிவப்பு எழுத்து.

'இந்தப் பாலுக்கு முன்னால் எந்த மருந்தும் நிற்காது! இப்படிக்கு, பால் பரிசோதகர்.'

பக்கத்தில் திமிலும் கொம்புமாக ஒரு காளையின் படம். காலை உதைத்துக்கொண்டு நின்றது.

மீட்டர் அங்கேயே நின்று போர்டுக்காரருக்குப் போன் போட்டார்.

"என்னண்ணே எழுதியிருக்கீங்க?"

"நீங்க சொன்னதுதான் சார். ஒரு எழுத்து மாத்தலை. 'இதுக்கு'ன்னு மொட்டையா இருந்தா நல்லாயிருக்காதேன்னு 'பாலுக்கு'ன்னு போட்டேன்."

"காளை?"

"அது நம்ம அன்பளிப்பு சார்."

வரிசை இப்போது தெருமுனை திரும்பி அடுத்த தெருவுக்குப் போயிருந்தது. வெளியூர் வண்டிகள் இரண்டு நின்றன. சர்க்கரை வியாதிக்காரர்கள், முழங்கால் வலிக்காரர்கள், பிள்ளை சரியாகச் சாப்பிடுவதில்லை என்று கூட்டிக்கொண்டு வந்தவர்கள். ஒரு கிழவர் தன் மாத்திரைகளை ஒரு பையில் போட்டு எடுத்து வந்து, அவற்றை எங்கே எறியலாம் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

மீட்டர் அந்தப் பையைப் பார்த்தார். இத்தனை பேரில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் போதும். கிணறு வெட்டப் போய்ப் பூதத்தைக் கிளப்பியாயிற்று. இனி எழுத்தை நம்பிப் பயனில்லை, கண்ணால் காட்டிவிட வேண்டியதுதான் என்று முடிவு செய்தார்.

நிலையத்துக்குப் போய் டீ போடும் ஸ்டவ்வைத் தூக்கி வந்தார். கேட்டுக்கு எதிரில் வைத்துப் பற்றவைத்தார். முன்னால் நின்ற ஓர் அம்மாவின் சொம்பைக் கேட்டு வாங்கிப் பாத்திரத்தில் ஊற்றினார்.

"பாருங்க, இவ்வளவுதான் வேலை. பொங்கற வரைக்கும் காய்ச்சுங்க. காய்ச்சினா அது செத்துடும்!"

"எது சார் செத்துடும்?" பின்னாலிருந்து ஒரு குரல்.

"அதான்யா, அந்த எதிர்ப்புச் சக்தி உள்ளது. அது சூடு பட்டா செத்துடும்!"

வரிசை முழுக்க ஒரு சலசலப்பு ஓடியது.

"கேட்டீங்களா? காய்ச்சினா சக்தி செத்துடுமாம்! சாரே சொல்றார்!"

"நல்லவேளை சொன்னார். நான் தெரியாம நேத்து காய்ச்சிட்டேன்."

"அய்யோ, என் பாலைப் பாழாக்கிட்டாரே!" சொம்பைக் கொடுத்த அம்மா பாத்திரத்தை நோக்கிக் கையை நீட்டினாள். "எடுங்க சார், எடுங்க, பாதியாவது உயிரோட இருக்கும்!"

மீட்டர் வாயைத் திறந்தார். என்ன சொன்னாலும் அது வேறொன்றாக மாறித்தான் அவர்கள் காதில் விழுகிறது என்று புரிந்தது. மூடிக்கொண்டார். அந்த நேரம் பார்த்துப் பள்ளிக்கூட டிரில் மாஸ்டர் வரிசையிலிருந்து முன்னால் வந்தார். அறுபது வயதை மறைக்கும் பனியன். கறந்து நுரை அடங்காத பாலை ஒரு செம்பு நிறைய வாங்கி, அண்ணாந்து, நிறுத்தாமல் குடித்தார். வாயைத் துடைத்துவிட்டுக் கையை மடக்கிப் புஜத்தைக் காட்டினார். யாரோ ஒருவர் போனில் படம் எடுத்தார்.

அரை மணி நேரத்தில் மேலதிகாரி கூப்பிட்டார்.

"ஒரு படம் வந்திருக்கு எனக்கு. 'பரிசோதகர் முன்னிலையில்'னு போட்டிருக்கு. ஒருத்தன் பால் குடிக்கறான். மேல காளை. பின்னாடி அடுப்போட நிக்கறது யாரு?"

"நான்தான் சார்."

"என்ன பண்றே அங்க?"

"காய்ச்சறேன் சார்."

"நாளைக்குக் காலையில சீல்," என்றார் மேலதிகாரி.

மறுநாள் மீட்டர் அரக்கும் துணியும் பூட்டுமாகப் பண்ணைக்குப் போனபோது பண்ணைக்காரர் கேட்டிலேயே நின்றிருந்தார். போர்டைக் கழற்றிச் சுவரில் சாய்த்திருந்தார். வந்தவர்களையெல்லாம் திருப்பி அனுப்பிவிட்டதாகச் சொன்னார்.

"சார், ஒரே ஒரு விஷயம். அந்த அறிக்கையை நேத்துதான் ஒக்காந்து முழுசாப் படிச்சேன். அஞ்சு மருந்துக்கு அடங்கலைன்னு போட்டிருக்கு. என் பண்ணைக்கு நான் வாங்கறது ஒரே ஒரு மருந்து சார். அதுவும் டாக்டர் சீட்டோட. இந்தாங்க பாருங்க, எல்லாச் சீட்டும் இருக்கு. மீதி நாலு மருந்தை என் மாடு கண்ணாலயும் பார்த்ததில்லை."

"எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க."

"சத்தியமா சார்."

"அண்ணே, எனக்குத் தெரியாதா? ஒருத்தர்கிட்ட மிச்சம் வாங்கிப் போடறது. வத்தினதும் பாதியில நிறுத்தறது. அடுத்த தடவை வேற கலர் போடறது. அரைகுறையா அடி வாங்கின கிருமி சும்மா இருக்குமா? அடிக்கிறவன் கையைக் கத்துக்கும். அப்புறம் எந்த மருந்தைப் பார்த்தாலும் சிரிக்கும். இப்படி ஆளாளுக்குப் பண்றதாலதான் ஊரு நாசமாப் போகுது."

சொல்லச் சொல்ல அவருக்கே கோபம் வந்தது. இந்த நாலு நாளில் அவர் பேசியதில் கேட்டவருக்குச் சரியாகப் புரிந்த பேச்சு இது ஒன்றுதான்.

பண்ணைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். "இன்னொரு பாட்டில் எடுத்து அனுப்பிப் பாருங்க சார். ஒரே ஒரு தடவை."

"மனுஷன் பொய் சொல்லுவான்ணே. பாட்டில் பொய் சொல்லாது."

மூத்த கறவைக்காரம்மா கொட்டகையிலிருந்து வந்தாள். பின்னால் மற்ற எட்டுப் பேரும் வந்து நின்றார்கள். கறக்காத மாடுகள் உள்ளே கத்திக்கொண்டிருந்தன.

"பண்ணைக்கு சீல் வைப்பே தம்பி. மடிக்கு எப்படி வைப்பே?"

மீட்டர் பூட்டைக் கீழே வைத்தார். கடைசியாக ஒரு கறவை கறந்துகொள்ளச் சொன்னார். ஒன்பது பேரும் மாட்டுக்கடியில் குந்தினார்கள். கறந்த பாலைக் கொட்டகைக்குப் பின்னால் குழி வெட்டிக் கொட்டினார்கள். மண் வெள்ளையைக் குடிக்கக் குடிக்க மறுபடி மறுபடி ஊற்ற வேண்டியிருந்தது. ஒரு கறவைக்காரர், வெற்று வாளியைப் பழக்கத்தில் கழுவிக் கவிழ்த்து வைத்தார். பிறகு அதையே வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மதியத்துக்குள் மாட்டு வியாபாரியின் லாரி வந்தது. மாடுகள் ஏறின. கன்றுகளையும் தூக்கி ஏற்றினார்கள், பசை தின்றதும் அதில் ஒன்று. மீட்டர் கேட்டில் பூட்டைப் போட்டு, துணியைச் சுற்றி, அரக்கை உருக்கி ஊற்றிச் சீலை அழுத்தினார். தாளில் கையெழுத்துப் போட்டார். கையெழுத்து வேறு யாருடையதோ மாதிரி விழுந்தது.

கறவைக்காரம்மா தலையில் மூட்டையும் இடுப்பில் பாத்திரங்களுமாக அவரைக் கடந்து போகும்போது நின்றாள்.

"உங்கம்மா கூட நாலு வருஷம் கறந்திருக்கேன் தம்பி. அவ கை மாதிரியே ஆகிட்டிருக்கு எனக்கும்." விரல்களை மடக்கிக் காட்டினாள், பாதிதான் மடங்கியது. "உன்மேல கோபமில்ல. நீ என்ன பண்ணுவே? பாட்டில் சொன்னதை நீ செய்யறே."

அவள் திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

நிலையத்துக்குத் திரும்பியதும் நாற்காலியில் விழுந்தார். அரக்கு வாசனை கையை விட்டுப் போகவில்லை. மேஜைமேல் அந்த அறிக்கை கிடந்தது. பூட்டிய நேரத்தை அதில் குறிக்க வேண்டும். பேனாவைத் திறந்தார், மூடினார். போன் அடித்தது. மனைவி.

"டாக்டர்கிட்ட வந்திருக்கேன். மூணாவது மாத்திரையும் கேக்கலைங்க. விரல் முழுக்க வீங்கிடுச்சு. சீழை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பணுங்கறார். எந்த மருந்துக்குமே அடங்க மாட்டேங்குதாம்."

"சரி, அனுப்பட்டும்."

"உங்களுக்குச் சாப்பாடு?"

"வேண்டாம். நீ பார்த்து வா."

போனை வைத்தார். பாட்டிலக்கா டீ டம்ளரைக் கொண்டுவந்து அறிக்கையின் மேலேயே வைத்தாள். வைத்தவள் போகவில்லை. முந்தானையில் கையைத் துடைத்தாள். துடைத்த கையை மறுபடி துடைத்தாள்.

"என்னக்கா? லீவு வேணுமா?"

"இல்ல சார். மூடிட்டீங்களா?"

"மூடியாச்சு."

"அந்த ஒம்பது பேரும்?"

"போயிட்டாங்க."

பாட்டிலக்கா கதவுவரை போய்த் தெருவில் யாரும் இல்லை என்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள். பிறகு, அவரைத் தேற்றப்போகிற முகத்தோடு, பெருமையோடு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"கவலைப்படாதீங்க சார், பண்ணைதான் போச்சு, சக்தி எங்கயும் போகலை, அன்னைக்கு டெஸ்டுக்கு அனுப்ப வெச்சிருந்த அவங்க பாட்டில் என் கை நழுவி உடைஞ்சு போச்சா, நீங்க கத்துவீங்களேன்னு பயந்து, உங்க வீட்டு டீப் பாலைத்தான் ஊத்தி அனுப்பினேன்!"